பதில்: டெட்ஹெட்டிங் என்பதற்குத் தமிழ்ச்சொல்?

அன்பர்களே, வணக்கம்.

நான் தொடங்கிய இழை நாலு நாளில் இருபத்தைந்து மடலைத் தாண்டிவிட்டது. செடியிலேயே வாடி நிற்கும் பூவை அவ்வப்போது எடுத்துவிடும் வேலையை ஆங்கிலத்தில் டெட்ஹெட்டிங் என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் என்று முதல் மடலில் கேள்வியை மட்டும் போட்டேன், அது எங்கிருந்து முளைத்தது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதி மடல் மிச்சமாகியிருக்கும்.

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கோவையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் செடி மாற்றிக்கொள்ளக் கூடியிருந்தோம். பத்துப் பதினைந்து பேர். செம்பருத்திக் குச்சி, ரங்கூன் மல்லிப் பதியம், நந்தியாவட்டைக் கன்று, தயிர் டப்பாவில் மரிக்கொழுந்து நாற்று என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். செடியோடு ஒரு சீட்டும் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, உரம் எப்போது என்று நாலு வரி. நான் வைத்தது ஓர் ஒட்டு ரோஜா. சீட்டில் ‘டெட்ஹெட் செய்யவும்’ என்று எழுதினேன். யாருக்கும் புரியாதே என்று பக்கத்திலேயே ‘வாடிய தலையை வெட்டவும்’ என்றும் சேர்த்தேன்.

அடுத்த தெரு அக்கா ஒருவர் அதை எடுத்துப் போனார். பங்குனி வெயிலில் ஒருநாள் தண்ணீர் விட மறந்திருக்கிறார். செடி நுனி துவண்டு தொங்கியிருக்கிறது. சீட்டைப் பார்த்தார். தலை வாடியிருக்கிறது, வாடிய தலையை வெட்டச் சொல்லியிருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்து, காட்டு ரோஜாத் தண்டில் நல்ல ரோஜாவை ஒட்டிக் கட்டியிருக்கும் இடமான ஒட்டுக்கட்டுக்கும் கீழே கொண்டுபோய் வெட்டிவிட்டார். இப்போது அந்தத் தொட்டியில் காட்டு ரோஜாத் தண்டு இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது, முள்ளும் இலையுமாக. “நீ எழுதுன மாதிரிதான் செஞ்சேன் தம்பி” என்கிறார். அவர் மேல் என்ன தப்பு?

ஆக, நான் கேட்டது அகராதிக்கான சொல் இல்லை. சீட்டில் எழுதினால் அந்த அக்காவின் கை சரியான இடத்துக்குப் போக வேண்டும். இழையில் வந்த சொற்களை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதலில் செய்கையைப் பார்த்துவிடுவோம், சிலருக்கு அதிலேயே ஐயம் இருப்பதாகத் தெரிகிறது. ரோஜாவில் இதழ் கொட்டிய பிறகு காம்பின் நுனியில் பச்சையாக ஒரு சின்னக் குடம் நிற்கும். அதுதான் பழமாகப் போகிறது. சூல் பிடித்துவிட்டால் செடி தன் சத்தை அங்கே திருப்பிவிடும், அந்தக் கிளையில் அடுத்த பூவுக்கு அவசரம் காட்டாது. குடத்தோடு எடுத்துவிட்டால், விதை போட வேண்டுமே என்று மறுபடி மொட்டு வைக்கும். இதழை மட்டும் உருவிப் போட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், பலன் இருக்காது. காம்பின் வழியே கீழே இறங்கினால் முதலில் மூன்று சிற்றிலை உள்ள இலை வரும், அப்புறம் ஐந்து சிற்றிலை உள்ளது வரும். அந்த ஐந்துக்கு மேலே, வெளிப்பக்கம் பார்த்திருக்கும் கண்ணுக்கு, அதாவது புதுக்கிளை முளைக்கும் புள்ளிக்கு, மேலே கால் அங்குலம் விட்டு, சாய்வாக ஒரு வெட்டு. செண்டுமல்லிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், பூவுக்கு அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணத்தோடு நகத்தால் கிள்ளினால் போதும். இட்லிப்பூவில் கொத்து முழுவதும் பழுப்பாகும்வரை பொறுத்திருந்து, கொத்தை அதன் காம்போடு எடுக்க வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> தலைகொய்தல் என்றே வைக்கலாமே. மூலத்துக்கு நெருக்கமானது.

நெருக்கம்தான், அதுதான் சிக்கல். தலை கொய்வது நமக்குப் போர்க்களத்து வேலை. போதாக்குறைக்கு, செடியின் ‘தலை’ எது என்ற குழப்பத்தில் ஒரு ரோஜாவை ஏற்கெனவே பலி கொடுத்தாகிவிட்டது. பூவைத் தலை என்று சொல்வது ஆங்கிலத் தோட்டக்காரனின் கண். நம் ஊரில் தலை என்றால் கொழுந்து, நுனி.

> வாடுமலர் நீக்கம்

பொருள் தெளிவு. ஆனால் அரசாணை வாசனை அடிக்கிறது. ‘வாடுமலர் நீக்கம் செய்யவும்’ என்று சீட்டில் எழுதினால் கீழே கையொப்பமும் முத்திரையும் கேட்பார்கள். இன்னொன்று, வாடுமலர் வினைத்தொகை. வாடிய மலர், வாடுகிற மலர், வாடும் மலர் என்று மூன்று காலமும் அதில் உண்டு. நாளைக்கு வாடப்போகிற மலரும் வாடுமலர்தான். அப்படிப் பார்த்தால் உலகத்தில் எந்தப் பூவும் மிஞ்சாது.

> பள்ளிப் பாடத்திலேயே விடை இருக்கிறது. அரும்பு, போது, மலர், வீ, செம்மல். செம்மல் என்றால் வாடின பூ. ஆகவே ‘செம்மல் கொய்தல்’.

இந்த மடலைப் படித்து நெடுநேரம் சிரித்தேன், எழுதியவர் மன்னிக்க. சொல் அழகு, பொருளும் மிகச் சரி. ஆனால் செக்கிழுத்த செம்மலையும் பொன்மனச் செம்மலையும் மேடைமேடையாகக் கேட்டு வளர்ந்த ஊரில் ‘வாரம் ஒருமுறை செம்மல் கொய்யவும்’ என்று எழுதிக் கொடுத்தால் போலீஸ் வரும். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலும் செம்மல் என்று ஒரு பூ தனியாகவே இருக்கிறது. அதே மடலில் மாற்றாகச் சொன்ன ‘வீக்கொய்தல்’ பார்த்தவுடன் வீக்கம் என்று படிக்கிறது. அதைவிட, வீ என்பது கீழே விழுந்துவிட்ட பூ. விழுந்ததைக் கொய்ய வேண்டியதில்லை, பெருக்கினால் போதும்.

‘பூக்களைதல்’ மட்டும்தான் என்னை ஒருநாள் முழுக்க ஆட்டிவைத்தது. களைதல் அருமையான வினை. கோயிலில் நேற்றைய மாலையைக் களைவது, சூடிக் களைந்தது என்றெல்லாம் வாடிய பூவோடேயே பழகிய சொல். ஆனால் ஏவலாக எழுதிப் பாருங்கள்: பூக்களை. பூக்கள் + ஐ! ‘பூக்களைக் களை’ என்று எழுதினால் நாக்கு சுளுக்கும். இணையத்தில் தேடினால் பூக்களைப் பற்றிய அத்தனை பக்கமும் கொட்டும், நாம் தேடியது மட்டும் வராது. ‘வாடல் களைதல்’ என்று திருத்தினார் ஒரு அன்பர். வேளாண்மையில் வாடல் என்றால் வாடல் நோய். வாழைக்காரர் ஒருவர் மருந்து என்று நினைத்து ஓடிவருவார். ‘சூல்கிள்ளல்’ காரணத்தைச் சரியாகப் பிடிக்கிறது, ஆனால் காதில் விழவே ஒரு மாதிரி இருக்கிறது. அதை விட்டுவிடுவோம்.

இந்த வேலைக்குத் தமிழில் ஏன் சொல் இல்லை என்று யோசித்துக்கொண்டே ஒருநாள் காலையில் எதிர்வீட்டைப் பார்த்தேன். ஆறு மணிக்கு அந்த வீட்டுப் பாட்டி கூடையோடு வந்து அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி எல்லாவற்றையும் சாமிக்குப் பறித்துவிட்டார். ஏழு மணிக்குச் செடியில் ஒரு பூ இல்லை. சத்தியமங்கலம் பக்கம் மல்லித் தோட்டத்தில் விடியுமுன்பே மொட்டாகவே பறித்துச் சந்தைக்கு ஏற்றிவிடுகிறார்கள். நம் ஊரில் பூ செடியிலேயே இருந்து வாடும் பழக்கம் இல்லை. அது கூந்தலில் வாடும், இல்லையென்றால் சாமி படத்தில் வாடும். தினமும் பறிப்பதிலேயே இந்த வேலை நடந்துவிட்டது, சொல்லுக்குத் தேவை வரவில்லை. மல்லிக்குச் சொல் தேவைப்பட்டது கவாத்துக்கு. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டிவிட்டால்தான் மார்ச்சிலிருந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும். முல்லைக்கு அது ஜனவரி கடைசி. அந்த வேலைக்குச் சொல் உறுதியாக இருக்கிறது. பூவைப் பறிக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும் தோட்டம் ஊட்டி வழியாக வந்தது, பெட்டூனியாவும் டேலியாவுமாக. சொல்லும் அந்த வழியில் ஆங்கிலத்திலேயே இறங்கிவிட்டது.

> கவாத்தே படைப்பயிற்சிக்கும் சொல்கிற இரவல் சொல்தானே. எங்கள் மலையகத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து என்போம். யாரும் அதை மாற்றவில்லை. டெட்ஹெட்டிங்கையும் அப்படியே விட்டால் என்ன?

இலங்கை நுவரெலியா அன்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவர் ஊரில் ஏப்ரல் மாதம் வசந்தகாலம், ஊரே பூவாக நிற்கும் நேரத்தில் உட்கார்ந்து எங்களுக்கு மடல் எழுதியிருக்கிறார், நன்றி. இரவல் சொல்லின் மேல் எனக்கும் பகை இல்லை. ஆனால் கவாத்து வாய்க்கு வந்துவிட்டது: கவாத்து பண்ணு, கவாத்து வெட்டு. டெட்ஹெட்டிங் வரவில்லை. ‘டெட்’ என்ற பாதி மட்டும் எல்லோருக்கும் புரிகிறது, அதுதான் ஆபத்து. போன மாதம் ஒருவர் “இந்தச் செடி சீக்கிரம் டெட் ஆயிடுமா?” என்று என்னிடமே கேட்டார்.

என் முன்மொழிவு: பூக்கழித்தல்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வினையாகத்தான் பேசுவார்கள். பதியம் போடு, ஒட்டுக் கட்டு, நுனி கிள்ளு, கிளை கழி. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். வேப்பமரத்தில் வேண்டாத கிளையை எடுப்பதற்கு இன்றைக்கும் கிளை கழிப்பது என்றுதான் சொல்கிறோம். மரத்தை வெட்டுவது வேறு, கழிப்பது வேறு என்று குழந்தைக்கும் தெரியும். கழித்தால் மரம் இருக்கும். அந்த வரிசையில் பூக்கழித்தல் தானாக உட்கார்ந்துகொள்கிறது. ‘வாரம் ஒருமுறை பூக்கழிக்கவும்’, ‘பூக்கழித்தாயா?’, ‘பூக்கழிக்காமல் விட்டால் காய் வைத்துவிடும்’ என்று எப்படி வளைத்தாலும் ஒடியவில்லை. கழிப்பதில் போக வேண்டியதை எடுக்கிறோம் என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது, கண்ணேறு கழிப்பது மாதிரி. நல்ல பூவை யாரும் கழிக்கமாட்டார்கள், பறிப்பார்கள்.

எடுத்துப் போடும் அந்தப் பூவுக்குக் கழிபூ. இங்கே ஒற்று மிகக் கூடாது. கழிபூ என்றால் கழிந்த பூ. கழிப்பூ என்றால் உப்பங்கழியில் பூத்த நெய்தல். ஒரு ‘ப்’ சேர்ந்தால் கோவையிலிருந்து கடற்கரைக்கே போய்விடுவோம். வினைத்தொகை என்று வாடுமலரைக் கேலி செய்துவிட்டு நீயே வினைத்தொகை வைக்கிறாயே என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். ‘கழியப்போகிற பூ’ என்று படித்தாலும் இன்றோ நாளையோ எடுக்க வேண்டியதுதானே.

கழிவு, கழிப்பறை என்றெல்லாம் நினைவு வருகிறது என்று முன்கூட்டி இதைச் சொல்லிப் பார்த்தபோது வீட்டில் மூக்கைச் சுளித்தார்கள். இரண்டு நாள் அவர்களும் அதே சொல்லைப் புழங்கினார்கள், அப்புறம் பேச்சே வரவில்லை. பள்ளியில் கழித்தல் கணக்கு போட்டபோது யாருக்கும் கழிப்பறை நினைவு வந்ததில்லை.

ஒரு துணைச்சொல்லும் வேண்டும். சில செடிகள் இந்த வேலையை நமக்கு வைப்பதில்லை. பவழமல்லி விடிவதற்குள் தானே கொட்டிவிடும். செம்பருத்தி ஒருநாள் பூத்து, சுருண்டு, விழுந்துவிடும். இவற்றுக்குத் ‘தானுதிரி’ என்று போடலாமா? சீட்டில் இந்த ஒரு சொல் இருந்தால் வாங்கிப் போகிறவர் நிம்மதியாக இருப்பார்.

விதை எடுக்கிறவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: செண்டுமல்லி, ஜின்னியா விதையை அடுத்த கூடலுக்குக் கொண்டுவருவதாக இருந்தால் பருவக் கடைசியில் பூக்கழிப்பதை நிறுத்திவிட்டு, நல்ல பூவாகப் பார்த்து நாலைந்தைச் செடியிலேயே காயவிட வேண்டும். போன முறை பெருமையாக எல்லாவற்றையும் கழித்துவிட்டு, விதைக்கு அடுத்தவர் வாசலில் நின்றவன் நான்.

புதிய சீட்டை இப்படி எழுதியிருக்கிறேன்:

‘ரோஜா. ஆறு மணி நேர வெயில். மண் காய்ந்ததும் தண்ணீர். பூக்கழிக்கவும்: இதழ் கொட்டியதும், ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்கு மேலே வெட்டவும். அதற்குக் கீழே போக வேண்டாம்.’

மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், ஞாயிறு காலை முப்பது சீட்டு கையால் எழுத வேண்டும். அந்த அக்காவும் வருகிறார். இந்தமுறை அவருக்கு எட்வர்ட் ரோஜாக் குச்சி ஒன்றை வேர்பிடிக்க வைத்திருக்கிறேன். சொந்த வேரில் நிற்கிற செடி. எங்கே வெட்டினாலும் எட்வர்டாகவே முளைக்கும்.

அன்புடன்,
கோவையிலிருந்து