சரிவில் மண் கரைந்து போகிறது, சமூகத் தோட்டத்துக்கு மானியம் கிடைக்குமா?

ஈசூன்_தோட்டக்காரி:

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஒரு சின்னச் சமூகத் தோட்டம் வைத்திருக்கிறோம். பதினோரு பேர். எனக்கு 52 வயது, நான்தான் இளையவள். வெண்டை, கங்கோங், பாண்டான், அப்புறம் எல்லாரும் பறித்துக்கொண்டு போகும் ஒரு கறிவேப்பிலை மரம்.

கீழ்ப்பக்கம் சரிவு. கொட்டுகிற மழையில் மண் கரைந்து நடைபாதைக்கு வந்துவிடுகிறது. போன டிசம்பரில் கறிவேப்பிலையின் வேர் வெளியே தெரிந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன், வேருக்கு அடியில் என் விரல் முழுதாக நுழைந்தது. மனசு கேட்கவில்லை. ஆளுக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டுப் பை மண் வாங்கிக் கொட்டினோம். இரண்டே மழை, அதுவும் வடிகாலுக்குப் போய்விட்டது. நடைபாதையில் சேறு என்று புகார் வேறு.

அரசாங்க மானியம் இருக்கிறது என்கிறார்கள். மரம் நடுவதற்கு மட்டும்தான் தருவார்களா, இந்த மண்ணைக் காப்பாற்றவும் கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_தோட்டம்:

அக்கா, எஸ்ஜி ஈகோ நிதியைப் பாருங்கள். 2020இல் 50 மில்லியன் வெள்ளியுடன் தொடங்கியது. சமூகத்தில் உள்ளவர்கள் சேர்ந்து செய்யும் சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு உரியது. 10,000 வெள்ளி வரையிலான சிறிய திட்டங்களுக்கு அதிலேயே ‘ஸ்ப்ரவுட்’ என்று தனிப் பிரிவு இருக்கிறது.

ஆனால் பணத்துக்கு முன்னால் அனுமதி. புளோக்கைச் சுற்றியுள்ள நிலத்தைப் பார்த்துக்கொள்வது நகர மன்றம். உங்கள் வசிப்போர் குழு வழியாக அவர்களிடம் பேசுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005 முதல் சமூகத் தோட்டங்களுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. அந்த அதிகாரிகள் நேரில் வந்து சரிவைப் பார்த்தால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

நாங்கள் ஒருமுறை வேறொரு மானியத்துக்கு எழுதித் திரும்பி வந்தது. ‘தோட்டம் அழகாகும்’ என்று ஒரு பக்கம் எழுதியிருந்தோம். எவ்வளவு மண் போகிறது, எத்தனை பேர் வேலை செய்வோம், மூன்று வருடம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள், இதில் ஒன்றுகூட எழுதவில்லை.

மெல்பர்ன்_மாமா:

மகள் வீட்டுக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். மண்ணையும் நிலத்தையும் காக்க ஊர்மக்களே குழுவாகச் சேரும் ‘லேண்ட்கேர்’ இயக்கம், ஆஸ்திரேலியாவின் இந்த விக்டோரியா மாநிலத்தில்தான் 1986இல் ஆரம்பமானது. விவசாயிகள் சங்கமும் மாநில அரசாங்கமும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதில் பிறந்தது. 1989இல் பிரதமர் பாப் ஹாக் அதை நாடு முழுவதற்கும் கொண்டுபோய்ப் பத்து ஆண்டுகளுக்கு 320 மில்லியன் டாலர் ஒதுக்கினார்.

இங்கே அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குழுவாகச் சேருகிறார்கள். நாற்றுக்கும் வேலிக்கும் அரசாங்கப் பணம், குழி தோண்டுவது அவர்கள் கை. அந்த உழைப்பு மணியையும் விண்ணப்பத்தில் எழுதிக் காட்டுகிறார்கள். நீங்களும் பதினோரு பேரின் உழைப்பை மணிக்கணக்காக எழுதுங்கள் அம்மா, அது உங்கள் முதலீடு.

வெட்டிவேர்:

இனிமேல் பை மண் வாங்காதீர்கள் அக்கா. பிடிமானம் இல்லாத மண் நிற்காது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் வெட்டிவேர் வரிசை நடுங்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், 3 மீட்டர் வரைகூடப் போகும். கறிவேப்பிலையோடு சண்டைக்கு வராது. மேலே தழை நெருக்கமாக நின்று தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும், வண்டல் அங்கேயே தங்கிவிடும். வெறும் மண் தெரியும் இடத்தில் காய்ந்த இலையைப் பரப்புங்கள்.

ஈசூன்_தோட்டக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை வசிப்போர் குழுத் தலைவரிடம் பேசினேன், சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார்.

எவ்வளவு மண் போகிறது என்று காட்ட, கோப்பிக்கடையில் கேட்டு வாங்கிய மூங்கில் சாப்ஸ்டிக் பன்னிரண்டைச் சரிவில் செருகியிருக்கிறேன், தலை மண்ணோடு மட்டமாக இருக்கும்படி. மண் கரைந்தால் குச்சி வெளியே தெரியும், அளந்து நோட்டில் எழுதிவிடலாம். மதியம் மழை. ஏழாவது குச்சி, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருப்பது, ஒரே மழையில் 8 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது.

வெட்டிவேர் நாற்று யாரிடமாவது இருக்கிறதா? ஈசூன், செம்பவாங் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.