48 வந்தால் அணைந்துபோகும் எண் பலகை

மாடித்தொட்டி:

வணக்கம். மாடித் தொட்டியில் எத்தனை விழுக்காடு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சமையலறைச் சுவரில் காட்ட, நிறம் மாறும் இரண்டு இலக்கப் பலகை ஒன்று செய்திருக்கிறேன். எங்கள் ஆச்சிக்காக. வயது 81. கண்ணாடி போடாமல் எண் தெரியாது, நிறம் தெரியும். 25க்குக் கீழே சிவப்பு, 60 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை.

கடையில் கிடைக்கும் மூவண்ண இலக்கத்தை வாங்கவில்லை. ஓர் இலக்கம் ஏழு கோடுகளால் ஆனது; புள்ளியையும் சேர்த்தால் ஓர் இலக்கத்துக்கே மூன்று நிறங்களுக்கும் 24 இணைப்புகள் வேண்டும். ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாக நிறம் மாறக்கூடிய டபிள்யூஎஸ் 2812பி எல்இடி பட்டையை வெட்டி, கோட்டுக்கு மூன்று விளக்கு வீதம் 42 விளக்குகளை ஒட்டினேன். தகவலுக்கு ஒரே கம்பி போதும். பக்கத்துக் கோட்டுக்கு ஒளி கசியாதிருக்கப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளால் தடுப்பு வைத்தேன்; முகப்பில் பட்டர் பேப்பர். இயக்குவது ஆர்டுயினோ நானோ என்ற, நிரல் எழுதி ஏற்றும் சிறு மின்பலகை. மின்சாரம் 5 வோல்ட், 1 ஆம்பியர் கைப்பேசி சார்ஜர்.

41, 47 நன்றாக வருகின்றன. 48 வந்தால் எல்லாம் அணைந்து மறுபடி தொடங்குகிறது. 50க்கும் அப்படியே. சிவப்பிலும் பச்சையிலும் எந்த எண்ணுக்கும் இப்படி ஆவதில்லை. வலது இலக்கத்தில் மஞ்சள் செம்மஞ்சளாகத் தெரிகிறது. ஐந்து மாலைகளாக நிரலில் பிழை தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரவுக்கடிகாரம்:

நிரலை விடுங்கள், கோடுகளை எண்ணுங்கள். ஒரு விளக்கில் ஒரு நிறம் முழு ஒளியில் ஏறத்தாழ 20 மில்லிஆம்பியர் இழுக்கும். மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆகவே 40. 41க்கு 6 கோடுகள், 18 விளக்குகள்: 720 மில்லிஆம்பியர். 47க்கு 840. 48க்கு 11 கோடுகள், 33 விளக்குகள்: 1,320. உங்கள் சார்ஜர் அங்கேதான் கைவிடுகிறது. 50க்கும் அதே 11 கோடுகள். பச்சையில் 88 எரிந்தாலும் 840ஐத் தாண்டாது.

செம்மஞ்சளுக்கும் காரணம் மின்சாரம்தான். சிவப்பு எரிய 2 வோல்ட் அளவு போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும். மெல்லிய பட்டையின் கடைசியில் மின்னழுத்தம் குறையும்போது முதலில் மங்குவது பச்சை. மஞ்சளிலிருந்து பச்சை குறைந்தால் செம்மஞ்சள்.

சார்ஜரிலிருந்து தடித்த கம்பி இரண்டை வலது இலக்கத்தின் கடைசி முனைக்கும் கொண்டுபோங்கள். பட்டையின் தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒளியைக் குறையுங்கள்: நிரலில் முழு ஒளி 255 என்றால், வீட்டுக்குள் 60 தாராளம். அப்போது 48க்கு 310 மில்லிஆம்பியர்தான் ஆகும், சார்ஜரை மாற்றவே வேண்டாம். நான்கு இலக்கக் கடிகாரத்தை முழு ஒளியில் படுக்கையறையில் மாட்டி ஒரு வாரம் தூக்கம் கெட்ட பிறகுதான் நானும் குறைத்தேன்.

சாம்பல்வானம்:

ஒரு வேண்டுகோள். எனக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. என்னைப் போன்ற ஆண்கள் நிறையப் பேர். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தொட்டி காலியா நிறைந்ததா என்று இந்தப் பலகை அவருக்குச் சொல்லாது. பச்சைக்குப் பதில் நீலம் வையுங்கள். சிவப்பு வரும்போது எண் விட்டுவிட்டு எரியட்டும்.

இரவுக்கடிகாரம்:

நல்ல யோசனை. ஆனால் வயதாகும்போது கண்ணின் வில்லை மஞ்சள் படிந்து நீலத்தை மங்கவைக்கும். ஆச்சியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாடித்தொட்டி:

ஒளியை 60க்குக் குறைத்தேன், வலது முனைக்கும் கம்பி கொடுத்தேன். நேற்று மாலை 50, 48 இரண்டும் அணையாமல் நின்றன. மஞ்சளும் மஞ்சளாகவே இருந்தது. இத்தனை நாள் கோடுகளை எண்ணத் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது. நன்றி ஐயா.

நீலத்தை ஆச்சியிடம் காட்டினேன். ஒரு கண்ணில் புரை அறுவை ஆகியிருக்கிறது, மற்றதில் ஆகவில்லை. கண்களை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுக்கு நல்ல ஊதா, அந்தக் கண்ணுக்கு அழுக்குத் தண்ணி மாதிரி இருக்குய்யா" என்றார்கள். நீலத்தோடு பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். நிறக் கலவையில் நீலம் 255, பச்சை 120 வந்தபோது இரண்டு கண்ணுக்கும் தெளிவாகத் தெரிகிறது என்றார்கள். அதையே வைத்துவிட்டேன். சிவப்பு இனி விட்டுவிட்டு எரியும்.

சாம்பல்வானம்:

அந்த நீலத்தின் படம் ஒன்று போடுங்கள். நானும் பார்க்கிறேன்.