களஞ்சியம் தீப்பிடித்த இரவு: லொறித் திறப்பு யாரிடம் இருக்க வேண்டும்?

கேள்வி: கனகராயன்குளத்து றைவர்

வணக்கம். 14 வருடமாக லொறி ஓடுகிறேன். கனகராயன்குளம், புளியங்குளம், மாங்குளம் பக்கத் தோட்டங்களில் பப்பாப்பழமும் பச்சை மிளகாயும் ஏற்றிக்கொண்டு, கொழும்புப் பக்கம் இருக்கும் ஒரு சுப்பர் மார்க்கெட்டின் பெரிய களஞ்சியத்துக்குக் கிழமைக்கு மூன்று தடவை போய்வருவேன். போன மாதம் அந்தக் களஞ்சியம் இரவில் தீப்பிடித்தது. நான் அப்போது உள்ளே நின்றேன். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் விளங்காது.

அங்கே லொறி வாசலில் நுழைந்தவுடன் காவலாளி இலக்கத் துண்டு ஒன்றைத் தந்துவிட்டுத் திறப்பை வாங்கிக்கொள்வார். அவருடைய கூண்டுக்குள் பலகையில் ஆணி அடித்து இலக்கம் போட்டிருக்கிறது. திறப்பு அதில் தொங்கும். சாமான் இறக்கி, பொருள் பெற்றுக்கொண்டதற்கான ஜி.ஆர்.என். சீட்டில் முத்திரை விழுந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். காரணம் இல்லாமல் இல்லை. பெரிய லொறிக்குள் போர்க்லிஃப்ட் நிற்கிற நேரம் றைவர் தெரியாமல் எடுத்துவிட்டால், அதை ஓட்டுகிற பிள்ளை சாமான் இறக்குகிற மேடைக்கும் லொறிக்கும் நடுவில் விழுவான். அதை நான் மறுக்கவில்லை.

அன்று ஒரு மணிக்குத் துண்டு எடுத்தேன். எனக்கு முன்னால் ஏழு லொறி. கிளீனர் பொடியன் வழக்கம்போல் பின்னால் ஏறி, பெட்டிகளுக்கு மேலே படங்கை விரித்துப் படுத்துவிட்டான். நானும் கபினில் கண்ணயர்ந்துவிட்டேன். மூன்றரை இருக்கும், ஒரு மணம் எழுப்பியது. பிரேக் காய்ந்த மணம் என்று நினைத்து, இறங்கிப்போய்ப் பின்சில்லைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது. நிமிர்ந்தால், போர்க்லிஃப்ட்டுகளுக்குச் சார்ஜ் போடுகிற மூலையில் கூரைக்குக் கீழே கறுப்புப் புகை சுருண்டுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் குளிரறை. அந்தச் சுவர் இரண்டு தகரத்துக்கு நடுவே ரெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை நுரைப் பலகை வைத்துச் செய்தது. அதில் நெருப்பு ஏறியதும் உருகிச் சொட்டத் தொடங்கியது. சொட்டு விழுந்த இடமெல்லாம் தனியாக எரிந்தது.

விசில் ஊதினார்கள். வேலையாட்கள் முன்பக்கத்து மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். மேற்பார்வையாளர் கொப்பியைப் பார்த்துப் பெயர் வாசித்தார். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று அவர் போனில் சொன்னதை என் காதால் கேட்டேன். லொறிகளோடு வந்த பதினொரு றைவர்களின் பெயரும் அந்தக் கொப்பியில் இல்லை. கிளீனர்களின் பெயரும் இல்லை. அவர் அதைச் சொன்ன நேரம் என் பொடியன் படங்குக்கு மேலே நித்திரை. காலைப் பிடித்து இழுத்துத்தான் இறக்கினேன்.

காவலாளி கூண்டைப் பூட்டிவிட்டு ஓடியிருந்தார். திறப்பெல்லாம் உள்ளே. அனுராதபுரத்து லொறிக்காரர் ஒருவர் வீல் ஸ்பானரால் கண்ணாடியை உடைத்துப் பலகையோடு கழற்றி வெளியே எடுத்தார். அந்த இருட்டில் இலக்கம் யாருக்குத் தெரிந்தது? ஆளுக்காள் கையால் தடவித்தான் எங்கள் திறப்பைக் கண்டுபிடித்தோம். என்னுடையதில் முறிகண்டிப் பிள்ளையார் படம் போட்ட தகடு இருக்கிறது, விளிம்பு தேய்ந்தது. விரல் பட்டவுடன் தெரிந்துவிட்டது. ஒன்பது லொறிகளை வெளியே எடுத்தோம். மேடையோடு அணைத்து நின்ற இரண்டையும் எடுக்க முடியவில்லை. அதில் ஒன்று முழுதாக எரிந்தது. தெய்வாதீனமாக ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

என் லொறியில் 1,140 கிலோ பப்பாப்பழம். ஒவ்வொன்றும் பத்திரிகைத் தாளில் சுற்றியது. தாள் கறுத்திருந்தது, பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் புகை மணம் தோலில் இறங்கிவிட்டது என்று விடிய வந்த அதிகாரி எடுக்க மறுத்துவிட்டார். முத்திரை விழவில்லை. திருப்பிக்கொண்டு வந்தேன். கால் ஏக்கரில் பழம் வைத்திருக்கிற அம்மா ஒருவர், அவருடையது 180 கிலோ, ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பழத்தை வெட்டி மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கேள்வி இதுதான். திறப்பு வாங்குகிற இடங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வேறு நல்ல வழி எங்கேயாவது இருக்கிறதா? அடுத்தது, பழத்தின் நட்டம் யாருடையது? எனக்கு முதலாவதுதான் பெரிது. எரிந்த லொறிக்குள் ஒருவன் நித்திரையாக இருந்திருந்தால் விடிந்த பிறகுதான் கண்டிருப்பார்கள்.

---

பதில்: பழைய லெய்லண்ட், கிளிநொச்சி

தம்பி, பொடியன் தப்பியது பெரிய காரியம். நான் 31 வருடம் ஓடி இப்போது வீட்டில் இருக்கிறேன்.

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்த இரவு நான் ஊரில் நின்றேன். உடுப்புக் கடை, பழக்கடை என்று நூறு கடைக்கு மேல் போனது. அப்போது இங்கே தீயணைப்புப் பிரிவு கிடையாது, யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி ஏ9 வழியே வர வேண்டியிருந்தது. அது வந்து சேர்வதற்குள் எங்கள் கையில் இருந்தது வாளியும் தண்ணீர்ப் பவுசரும்தான். அன்றைக்குப் பிறகு எந்த ஸ்டோர்ஸுக்குப் போனாலும் நான் ரிவேர்ஸில் உள்ளே போய், மூக்கு வாசலைப் பார்க்கத்தான் நிற்பாட்டுவேன். நேரே விட்டால் புகைக்குள் வெட்டித் திருப்ப முடியாது. ஒருவர் திருப்பப் போய் மாட்டினால் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் மாட்டுவார்கள்.

பொடியனை இனிப் பெட்டிக்கு மேலே படுக்க விடாதே. கபினில் காலை மடக்கியாவது படுக்கட்டும். பெட்டிக்கு மேலே ஆள் கிடப்பது வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது.

---

பதில்: வவுனியாப் பிள்ளை

அண்ணா, நான் முன்பு ஒரு மரக்கறிச் சேகரிப்பு நிலையத்தில் கணக்கு எழுதினேன். பழத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, தரம் பிரித்து நிறுத்தது எங்கே என்பதை. கொம்பனியின் ஆட்கள் ஊரிலேயே நிறுத்துச் சீட்டுத் தந்திருந்தால், அந்த இடத்திலேயே பழம் கொம்பனியுடையதாகிவிட்டது என்று வாதாடலாம். களஞ்சியத்துக்குக் கொண்டுபோய்த்தான் நிறுப்பது என்றால், ஏற்றுக்கொள்ளும்வரை பெரும்பாலும் கொடுக்கிறவருடையதுதான். எங்கள் நாட்டில் இதற்கு இன்னமும் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பொருள் யாருடையதோ நட்டமும் அவருடையது என்பது அதன் பொது விதி. ஆனால் ஒரு தரப்பின் தவறால் ஒப்படைப்புத் தாமதித்தால், தாமதிக்காமல் இருந்திருந்தால் வராத நட்டம் அந்தத் தரப்பின் தலையில் என்றும் அதில் இருக்கிறது. நீங்கள் ஒரு மணிக்குப் போனீர்கள், மூன்றரைவரை காத்திருந்தீர்கள், திறப்பும் அவர்கள் கையில். உங்களுக்கு முன்பே இறக்க நேரம் குறித்துத் தந்திருந்தார்களா? அந்தக் குறுஞ்செய்தி இருந்தால் அழித்துவிடாதீர்கள். நுழைந்த நேரம் போட்ட துண்டும் அப்படித்தான்.

தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போகாமல் எல்லாரும் சேர்ந்து, கிலோக் கணக்குப் போட்டு ஒரே கடிதமாகக் கொடுப்பது நல்லது. அந்த அம்மாவின் 180 கிலோவும் அதில் தனி வரியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. தேட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் உள்ள லொறி எரிந்தால் சொந்தக்காரருக்கு ஒரு சதமும் வராது. புல் இன்சூரன்ஸ் இருந்தாலும் உள்ளே ஏற்றிய சாமானுக்கு வேறாகத்தான் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை எடுத்து வைத்திருந்த லொறிக்காரரை நான் கண்டது குறைவு.

---

பதில்: புதுக்குடியிருப்பான், இங்கிலாந்து

அண்ணை, நான் இங்கே ஆட்டிக், அதாவது பின்பெட்டி பூட்டிய நீட்டு லொறி ஓடுகிறேன், இரவு வேலை, எல்லாம் சுப்பர் மார்க்கெட் களஞ்சியங்கள்தான். இங்கேயும் பல இடங்களில் திறப்பு வாங்குவார்கள். வித்தியாசம் என்னவென்றால், வாசலில் என் பெயர், லொறி இலக்கம், நுழைந்த நேரம் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். தீ மணி அடித்தால் அந்தத் தாளும் கூடவே மைதானத்துக்கு வரும். வேலையாட்களை வாசித்த பிறகு எங்களை வாசிப்பார்கள். சாமான் இறக்கும்வரை நாங்கள் இருப்பது காத்திருக்கும் அறையில். சில இடங்களில் திறப்பே வாங்குவதில்லை. மேடையில் சிவப்பு விளக்கு எரிந்தால் எடுக்கக்கூடாது, பச்சை எரிந்தால் எடுக்கலாம்.

2019 பெப்ரவரியில் அன்டோவர் என்ற இடத்தில் ஒக்காடோ என்ற இணைய மளிகைக் கொம்பனியின் களஞ்சியம் எரிந்தது. ரோபோக்கள் ஓடுகிற இடம். ஒரு ரோபோவுக்குச் சார்ஜ் போடும் பெட்டியில் மின்கோளாறு வந்து பிளாஸ்டிக் மூடி பற்றியது, தொடக்கம் அவ்வளவுதான். கண்டவுடன் தீயணைப்புப் படையைக் கூப்பிடவில்லை, கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் தாமதம் என்று பிறகு வந்த அறிக்கை சொன்னது. நாலு நாள் எரிந்து கட்டடமே போனது. குளிரூட்டியில் அமோனியா இருந்ததால் சுற்றியிருந்த வீட்டுக்காரரையும் எழுப்பி அனுப்பினார்கள். நீங்களும் சார்ஜ் போடுகிற மூலை என்றதும் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

அமோனியா இருக்கிற பெரிய குளிரறை என்றால் ஒன்றைக் கவனியுங்கள். மூக்கைக் குத்துகிற, கண்ணெரிகிற மணம் வந்தால் லொறியை மறந்துவிடுங்கள். காற்று அடிக்கிற திசைக்குக் குறுக்காக ஓடி, பிறகு காற்று வருகிற பக்கமாகப் போய் நில்லுங்கள். திறப்புக்காகத் திரும்பி உள்ளே போகக் கூடாது அண்ணை. அன்றைக்குக் கண்ணாடியை உடைத்தவர் நல்ல மனிதர், ஆனால் அடுத்த முறை அதையும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

---

கனகராயன்குளத்து றைவர்

எல்லாருக்கும் நன்றி. லெய்லண்ட் ஐயா, பொடியன் இப்போது கபினில்தான் படுக்கிறான். வவுனியாப் பிள்ளை, இறக்குகிற நேரம் 1.30 என்று வந்த செய்தி போனில் இருக்கிறது, துண்டும் இருக்கிறது. பதினாறு தோட்டக்காரரின் கணக்கையும் எழுதி முடித்துவிட்டேன்.

இங்கிலாந்துத் தம்பி சொன்ன பெயர்த்தாளைப் பற்றி, களஞ்சியத்தின் எரியாத பக்கத்தில் இப்போது சாமான் இறக்குகிற இடத்தில் கேட்டேன். காவலாளி தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அதனால் நாங்களே 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, முதலில் நுழைகிற லொறிக்காரரின் கையில் கொடுக்கிறோம். றைவர், கிளீனர், இலக்கம். வெளியே போகும்போது தன் பெயரை வெட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் கலந்து எழுதியிருக்கிறது, எல்லாருக்கும் வாசிக்க முடிகிறது. அடுத்த முறை கண்ணாடியை உடைக்கப் போக வேண்டாம் என்று தம்பி சொன்னதையும் அனுராதபுரத்து அண்ணனிடம் சொன்னேன்.

திறப்பு இன்னமும் ஆணியில்தான் தொங்குகிறது. தோட்டக்காரரின் கடிதத்தோடு அதைப் பற்றியும் ஒரு பந்தி சேர்த்திருக்கிறேன். புதன்கிழமை கொண்டுபோகிறேன், பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.