‘சந்திநிலைப் பாகுபாடு’: ஆய்வு நல்கை அறிவிப்புகளுக்கான ஒரு சொல் குறித்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளிப் பெண்களின் தேவைகளை ஆராய்வதற்கு அரசுகள் வழங்கும் நல்கைகளின் அறிவிப்புகளைத் தமிழில் எழுதும்போது, ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்னும் கருத்துக்கு, அதாவது பாலினம், மாற்றுத்திறன் போன்ற பல அடையாளங்கள் ஒன்றுகூடித் தனியொரு பாகுபாட்டைத் தோற்றுவிப்பதற்கு, எச்சொல்லை ஆள்வது என்ற கேள்விக்குக் குறுக்குவெட்டு, பன்முகம், ஊடுபாவு என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. முதலிரண்டும் பொருந்தா என்று உறுதியாக எண்ணுகிறேன். மூன்றாவதிடம் எனக்கு ஈர்ப்பு உண்டு, ஆயினும் தயக்கமும் உண்டு.

‘குறுக்குவெட்டு’ என்பதன் இடர்ப்பாடு எளிதில் விளங்கக்கூடியது. ஒரு மக்கள்தொகையை ஒரே காலப்புள்ளியில் அளந்து பார்க்கும் ஆய்வு வகையைப் புள்ளியியலும் மருத்துவமும் ஏற்கெனவே ‘குறுக்குவெட்டு ஆய்வு’ என்று அழைக்கின்றன. ‘குறுக்குவெட்டு ஆய்வுகளுக்கு முன்னுரிமை’ என்று அறிவிப்பில் எழுதினால், படிக்கும் ஆய்வாளர் ஒருமுறை நடத்தி முடிக்கும் கணக்கெடுப்புக்குத் திட்டம் எழுதி அனுப்புவார். அவர்மேல் பிழை சொல்லவும் இயலாது.

‘பன்முகப் பாகுபாடு’ என்பதில் உள்ள சிக்கல் இதைவிட ஆழமானது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து ஐ.நா. 2006இல் ஏற்ற உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்களும் சிறுமியரும் பல காரணங்களால் பாகுபாட்டுக்கு உள்ளாவதை ஒப்புக்கொள்கிறது. அப்பிரிவுக்கு விளக்கமாக, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2016இல் வெளியிட்ட மூன்றாவது பொதுக் கருத்துரை ஒரு படி மேலே சென்று, இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து சுமையைக் கூட்டுவது ஒன்று. அவை ஒரே நேரத்தில் இயங்கி, பிரிக்கவே முடியாதபடி ஒன்றையொன்று மாற்றிவிடுவது மற்றொன்று. முதலாவதற்குப் ‘பன்முகப் பாகுபாடு’ மிகப் பொருத்தமான சொல் என்பதால் அது அங்கேயே இருக்கட்டும். இரண்டாவதற்கும் அதையே வழங்கினால், கருத்துரை அரிதின் முயன்று பிரித்ததைத் தமிழில் நாம் மீண்டும் ஒன்றாக்கிவிடுவோம்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். முதுகுத்தண்டில், மார்பு முள்ளெலும்புகளில் ஆறாவதன் மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்ற ஒரு பெண் கருவுற்றிருக்கிறார் என்று கொள்வோம். பேறுகால வலி அவருக்கு வலியாகத் தெரியாமல் போகலாம். மாறாக, அவருடைய இரத்த அழுத்தம் திடீரென்று உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அதைப் பார்க்கும் மருத்துவர், கர்ப்பகாலத்தில் வரும் வழக்கமான இரத்த அழுத்த நோய் என்று தவறாக எண்ணவும் இடமுண்டு. மகப்பேற்று ஆய்வுகளில் முதுகுத்தண்டுக் காயமுற்றோர் மிகச் சிலரே. முதுகுத்தண்டுக் காய ஆய்வுகளிலோ பங்கேற்போரில் பெரும்பாலோர் ஆண்கள். இரண்டு துறைகளின் முடிவுகளையும் அருகருகே வைத்தாலும் இப்பெண்ணுக்கு வேண்டிய விடை கிடைக்காது. வலிப்பு நோயுள்ள பெண்களின் நிலையும் இத்தகையதே: கார்பமாசெபைன், பெனிட்டாயின் போன்ற மருந்துகள் கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கின்றன, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையோ லாமோட்ரிஜின் என்னும் வலிப்பு மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடுகிறது.

இத்தகைய விளைவுக்கு நம் இலக்கணத்தில் நெடுங்காலமாகவே ஓர் உவமை இருக்கிறது. பொன்னும் குடமும் சேரும்போது பொற்குடம் ஆகிறது. அதில் ஒலிக்கும் றகர மெய் பொன்னிலும் இல்லை, குடத்திலும் இல்லை; இரண்டும் சந்தித்த இடத்தில் பிறந்தது. மரமும் வேரும் சேரும்போது மகர மெய் கெட்டு மரவேர் ஆகிறது. ‘பெண்கள்’ என்றொரு பத்தியும் ‘மாற்றுத்திறனாளிகள்’ என்றொரு பத்தியும் கொண்ட அட்டவணையில் மாற்றுத்திறனாளிப் பெண் காணாமற்போவதும் ஒருவகையில் கெடுதல் விகாரமே. இதற்கெல்லாம் இலக்கணத்தில் வழங்கும் சொல் புணர்ச்சி. ஆனால் இன்றைய வழக்கில் அச்சொல்லுக்கு வேறு பொருள் முந்திக்கொள்வதால் ஓர் அரசு அறிவிப்பில் அதை ஆள முடியாது. ‘சந்தி’ என்னும் சொல் நமக்கு எஞ்சுகிறது. ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்று இந்தக் கருத்துக்கு 1989இல் பெயரிட்ட அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷாவும், பல திசைகளிலிருந்து வண்டிகள் வந்து கூடும் சாலைச் சந்திப்பையே உவமையாக்கினார். சாலையையும் இலக்கணத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல் நம்மிடம் இருக்கையில் அதை ஏன் விட வேண்டும்? ஆகவே ‘சந்திநிலை’ என்பதை அடிச்சொல்லாகவும், சந்திநிலைப் பாகுபாடு, சந்திநிலை ஆய்வு ஆகியவற்றை அதன் வழிச்சொற்களாகவும் முன்வைக்கிறேன்.

இச்சொல்லைப் பொறுத்து நிதியின் அளவும் மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்டறியப் போதுமான மாதிரி (ஆய்வில் பங்கேற்போர் எண்ணிக்கை), அந்த வேறுபாடே மாற்றுத்திறன் உள்ளவரிடமும் இல்லாதவரிடமும் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கண்டறியப் போதாது. மாற்றுத்திறன் உள்ள, இல்லாத பெண்கள், ஆண்கள் என்னும் நான்கு குழுக்களும் சம அளவில் இருந்து, தேடும் விளைவும் அதே அளவினதாக இருப்பினும், நான்கு மடங்கு மாதிரி தேவைப்படும். சைகைமொழிபெயர்ப்பாளர், துணையாளர், பயணம் ஆகியவற்றின் செலவு இதற்கு மேல். ‘பன்முகம்’ என்று எழுதிய அறிவிப்புக்கு ஏற்பப் போடப்பட்ட வரவுசெலவுத் திட்டம் இதைத் தாங்காது.

அன்புடன்.

*

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் விளக்கம் சிறப்பாக உள்ளது. பொற்குடத்தை இனி மறக்க மாட்டேன். எனினும் இரண்டு மறுப்புகள் உண்டு. ‘சந்தி’ வடமொழி வழி வந்த சொல்; ‘ஊடுபாவு’ தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நூல்களிலிருந்து வந்த நம் சொல். மேலும், ‘சந்தி சிரிக்கிறது’ என்பது இழிவைச் சுட்டும் வழக்கு. ஏற்கெனவே இழிவுபடுத்தப்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுக்கு அந்த நிழல் விழும் சொல்லைத் தேர்வது முறையா என்று எண்ணிப் பாருங்கள். தூய தமிழே வேண்டுமெனில் ‘கூடல்’ இருக்கிறது.

*

அன்புள்ள ஐயா,

இரண்டாவது மறுப்பு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தனியே நிற்கும் ‘சந்தி’ அந்த வழக்கை நினைவூட்டும் என்பதை ஏற்கிறேன். அதனால்தான் ‘சந்திப் பாகுபாடு’ என்று சுருக்காமல், ‘நிலை’ என்னும் ஒட்டை எங்கும் விடாது ஆள வேண்டும் என்கிறேன்.

ஊடுபாவைப் பொறுத்தவரை, நெய்த துணியைப் பிரித்தால் ஊடும் பாவும் முன்பிருந்த நூலாகவே கையில் வரும். பொற்குடத்திலிருந்து றகரத்தை அப்படிப் பிரித்தெடுக்க இயலாது. இதைவிட எனக்கு முதன்மையாகப் படுவது எண்ணிக்கை. ஊடும் பாவும் இரண்டே இரண்டு. நாம் பேசும் பெண்ணோ மாற்றுத்திறனாளி, பெண் என்பதோடு முதியவராகவும் ஏழையாகவும் சிறுபான்மை மொழியினராகவும் இருக்கலாம். முச்சந்தி, நாற்சந்தி என்று மொழி தானாகவே விரிந்து கொடுக்கும் இடம் சந்திதான். ‘கூடல்’ இனிய சொல். அதன் இனிமையே இங்கே தடை. வடமொழி வழி வந்ததாயினும் பகுபத உறுப்புகளுள் ஒன்றாகத் தமிழ் இலக்கணமே ஏற்றுக்கொண்ட சொல்லை நாம் விலக்க வேண்டியதில்லை என்பது என் துணிபு.

புதிய சொல் என்பதால் அறிவிப்பில் முதலில் வரும் இடத்திலேயே அதன் பொருளையும் தந்துவிடுவது நல்லது. கீழ்க்காணும் வாசகத்தைக் குழுமம் திருத்தித் தர வேண்டுகிறேன்:

‘பாலினமும் மாற்றுத்திறனும் ஒருங்கே இயங்கி, இரண்டில் எதனாலும் தனித்து விளக்க முடியாத விளைவைத் தோற்றுவிப்பது சந்திநிலைப் பாகுபாடு எனப்படும். இதை ஆராயும் திட்டங்கள், தரவுகளைப் பாலினவாரியாகவும் மாற்றுத்திறன்வாரியாகவும் தனித்தனியே தருவதோடு நில்லாமல், மாற்றுத்திறனாளிப் பெண்களைத் தனிக் குழுவாகப் பகுத்துக் காட்ட வேண்டும். அதற்கு வேண்டிய கூடுதல் மாதிரிக்கும், பங்கேற்பாளர்களின் அணுகல் வசதிக்கும் ஆகும் செலவு நல்கையில் ஏற்கப்படும்.’