ஆங்கிலேயப் போர்வில்லின் இழுப்பு நீளம்: 28 அங்குலமா, 30ஆ, 32ஆ?

சோலை_வில்:
வணக்கம். மூன்று வருடமாகக் கண்ணாடியிழை வில்லில் 28 அங்குல இழுப்பு (முழுதாக இழுக்கும்போது வில்லுக்கும் நாணுக்கும் இடையே வரும் தூரம்), 40 பவுண்டு விசையில் எய்து வருகிறேன். ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களோடு மோதிய கிரெசி, அஜின்கோர்ட் போர்களில் பேசப்பட்ட அந்த நெடுவில்லை ஒரே மரத்துண்டில் என் கையாலேயே செதுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆனால் இழுப்பு நீளத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஒருவர் 28 போதும் என்கிறார், இன்னொருவர் 32 இல்லாவிட்டால் அது போர்வில்லே இல்லை என்கிறார். வில் ஆறரை அடி என்றும் படித்தேன். அவ்வளவு உயரமான ஆட்களா அவர்கள்?

நாணேற்றி:
உயரமான ஆட்கள் இல்லை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மத்துக்கு அருகில் மூழ்கியது, 1982 அக்டோபரில் மேலே எடுத்தார்கள். அதில் கிடைத்த எலும்புகளை வைத்துப் பார்த்தால் சராசரி உயரம் 5 அடி 7 அங்குலம்தான். வில்லோ சராசரியாக 1.98 மீட்டர், அதாவது ஆளைவிட ஏறக்குறைய ஒரு அடி நீளம்.

அஜின்கோர்ட் 1415, இந்தக் கப்பல் அதற்கு 130 ஆண்டுகள் பிந்தையது. இருந்தாலும் அந்தப் பழைய வில்கள் எதுவும் மிஞ்சவில்லை என்றே சொல்லலாம் என்பதால், கப்பலின் சேற்றில் பத்திரமாக இருந்த 137 முழு வில்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளும்தான் நமக்குள்ள நல்ல சாட்சி. எத்தனை அங்குலம் இழுத்தார்கள் என்று வில் நேராகச் சொல்லாது, அம்புதான் சொல்லும். இரும்பு முனைகள் துருப்பிடித்துக் கரைந்துவிட்டன, ஆனால் மரத்தண்டுகள் இருக்கின்றன. அவற்றின் சராசரி நீளம் 30 அங்குலம் அளவுக்கு வருகிறது. முனையின் குழலுக்குள் போகும் கூம்புப் பகுதியும் அதில் சேர்த்திதான், ஆகவே அதற்கு மேல் இழுக்க இடமே இல்லை.

உடம்புக் கணக்கிலும் இதுதான் வருகிறது. கை விரித்த அகலத்தை 2.5ஆல் வகுத்தால் தாடை வரைக்குமான இழுப்பு கிடைக்கும் என்று நாம் கணக்குப் போடுகிறோம் இல்லையா? கை விரிப்பு ஏறக்குறைய உயரத்தளவே இருக்கும், ஆகவே 67 அங்குல ஆளுக்கு 27 வரும். அவர்கள் தாடையில் நிறுத்தவில்லை, காது வரை இழுத்தார்கள். இரண்டு மூன்று அங்குலம் கூடும், கிட்டத்தட்ட 30. ஆறடி ஆள் இன்று 32 இழுப்பதில் தப்பில்லை, அவர் உடம்புக்கு அது சரி. அதையே அன்றைய அளவு என்று சொல்வதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

தச்சன்மகன்:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். செய்கிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், மரத்தைத் தொடும் முன்பே இழுப்பை முடிவு செய்துவிடுங்கள். நான் ஆஷ் மரத்தில் 28க்குச் செய்த வில்லை நண்பர் ஒருவர் ஆசையாக வாங்கி 31 வரை இழுத்துவிட்டார். உடையவில்லை, ஆனால் வயிற்றுப் பக்கம், அதாவது எய்கிறவனைப் பார்த்த பக்கம், குறுக்கே மயிரிழை மாதிரி நெளிகள் விழுந்துவிட்டன. மர நார் நசுங்கிவிட்டால் திரும்பாது, அதோடு அந்த வில் முடிந்தது.

அந்த நெடுவில்களைச் செய்த யூ (yew) மரத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்ததும் இதனால்தான். வயிற்றுப் பக்கம் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதி, அது நசுக்கலைத் தாங்கும். முதுகுப் பக்கம் பட்டைக்கு அடியில் உள்ள வெளிர் மரம், அது இழுவையைத் தாங்கும். இரண்டும் ஒரே கட்டையில் ஒட்டியே வளர்கின்றன! நல்ல யூ இங்கிலாந்தில் போதாமல், 1472இல் வந்த சட்டப்படி துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் சரக்கு டன்னுக்கு நான்கு வில்கட்டை கொண்டுவர வேண்டியிருந்தது.

கட்டையை அறுக்காமல் பிளந்து, நன்றாகக் காயவிட்டு, முதுகில் ஆண்டு வளையம் அறுபடாமல் செதுக்குங்கள். கணு வந்தால் வெட்டாமல் சுற்றிலும் கொஞ்சம் மேடாக விட்டுவிடுங்கள். அப்புறம்தான் நிஜமான வேலை, வளைவைச் சரிசெய்வது. நாணைப் பூட்டிச் சில அங்குலம் இழுத்து, தள்ளி நின்று பார்த்து, விறைப்பாக நிற்கும் இடத்தில் மட்டும் சுரண்டி, மறுபடி பல தடவை மெதுவாக இழுத்துப் பழக்கி, அப்புறம்தான் அடுத்த அங்குலம். நினைத்த பவுண்டு எந்த அங்குலத்தில் வந்தாலும் அங்கேயே நிறுத்திச் சுரண்ட வேண்டும், அதைத் தாண்டி ஒருமுறைகூட இழுக்கக் கூடாது. போர்வில்லில் பிடியும் லேசாக வளைய வேண்டும், முழு வில்லும் பாரத்தைப் பங்கு போட்டால்தான் 30 அங்குலம் தாங்கும். நுனிகளில் மாட்டுக்கொம்பு மாட்டுங்கள், இல்லையென்றால் நாண் மரத்தை அறுத்துவிடும்.

வேனில்:
பவுண்டைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே. மேரி ரோஸ் வில்களுக்கு 30 அங்குலத்தில் 100 முதல் 185 பவுண்டு வரை கணக்கிட்டிருக்கிறார்கள். 40இலிருந்து நேராக அதற்குத் தாவினால் தோள் போய்விடும். பாதிரியார் ஹியூ லாட்டிமர் 1549இல் ஒரு பிரசங்கத்தில், அப்பா தன் வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற வில்லை வாங்கிக் கொடுத்து, வளர வளரப் பெரிய வில்லுக்கு மாற்றினார் என்றும், கை பலத்தால் இழுக்காமல் உடம்பையே வில்லுக்குள் கொடுக்கப் பழக்கினார் என்றும் சொல்கிறார். சிறுவயதிலிருந்தே வருகிற பழக்கம் அது. இன்னொன்று, யூ மரம் விஷம். செதுக்கும்போது, முக்கியமாக உப்புத்தாள் போடும்போது, முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள்.

சோலை_வில்:
எல்லோருக்கும் நன்றி. என் உயரம் 5 அடி 6. காது வரை இழுத்து அளந்தேன், 29½ வருகிறது. 30க்குச் செய்கிறேன், 55 பவுண்டு. முதல் வில்லுக்கே யூ எடுக்கலாமா?

தச்சன்மகன்:
வேண்டாம், ஆஷ் எடுங்கள். அன்றும் யூ எல்லோருக்கும் கிடைக்கவில்லை, ஒவ்வொரு யூ வில்லுக்கும் கூடவே எல்ம், ஆஷ் போன்ற மலிவு மரத்திலும் வில் செய்ய வேண்டும் என்று ஹென்றி காலத்திலேயே சட்டம் இருந்தது. ஆஷ் என்றால் வயிற்றுப் பக்கத்தைக் கொஞ்சம் அகலமாக, தட்டையாக விடுங்கள், நீளம் 78 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். 25 அங்குலம் வந்ததும் படம் எடுத்துப் போடுங்கள், வளைவைப் பார்த்துச் சொல்கிறேன்.