மஞ்சள் நிறம் ஏன் குறைகிறது? நுண்ணுயிரியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணாமார், அக்காமார், வணக்கம். யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டு ஆய்வுக்காக ஈ.கோலை பற்றீரியாவின் லக் ஒப்பெரனை, அதாவது லக்ரோசு என்ற பாற்சீனியைப் பயன்படுத்த உதவும் பரம்பரையலகுத் தொகுதியைப் பார்க்கிறேன்.

லக்ரோசு மட்டும் கொடுத்து வளர்த்த கலங்களை உடைத்து ஓஎன்பிஜி (நொதியம் உடைத்தால் மஞ்சளாகும் நிறமற்ற பொருள்) விட்டால் நல்ல மஞ்சள் பிடிக்கிறது. குளுக்கோசும் சேர்த்து வளர்த்தவை வெளிறியே நிற்கின்றன, பார்க்கவே கவலையாக இருக்கு. குளுக்கோசு இருந்தால் சிஏஎம்பி (இந்த ஒப்பெரன் வேலை செய்ய உதவும் சிறு மூலக்கூறு) குறைந்து பரம்பரையலகில் இருந்து ஆர்என்ஏ எழுதப்படுவது மந்தமாகும். லக்ரோசு உள்ளே போவதும் தடைப்படும். சரி, இதில் எது எவ்வளவு? மஞ்சள் காட்டுவது, இந்த ஒப்பெரனில் இருந்து உருவாகி லக்ரோசை உடைக்கும் பீற்றா கலக்ரோசிடேசு நொதியத்தின் வேலையை மட்டும்தானே.

லக்ரோசுக்குப் பதில் ஐபிடிஜி (லக்ரோசு போல ஒப்பெரனைத் தூண்டும், ஆனால் நொதியம் உடைக்காத பொருள்) கொடுத்தால் இரண்டையும் பிரித்தறியலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள். திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் ஆர்என்ஏ அளக்கிற பிசிஆர் வசதி இருந்தாலும் அறியத்தாருங்கள், உடனே வந்து சந்திக்கிறேன்.