மஞ்சளித்த பிளாஸ்டிக் குருணை கொஞ்சம் பொறுக்கித் தர முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 கப்பல் மூழ்கிய பிறகு, நம் குமரிக் கரையில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை (பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்கும் மூலப்பொருள்) ஒதுங்கியது நினைவிருக்கும். எனக்கு வேண்டியது அது இல்லை. மஞ்சளித்துப் போன பழைய குருணை.

டோக்கியோவில் ஹிதேஷிகே தகாடா என்ற பேராசிரியர் 2005 முதல் உலகக் கடற்கரைகளில் இருந்து இதைத் தபாலில் வரவழைத்துச் சோதித்து வருகிறார். கடல்நீரில் இருக்கும் பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள், டிடிடி என்ற பூச்சிமருந்து போன்ற நச்சுகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். நாள்பட்டுக் கிடந்ததில் பொதுவாக அதிகம் ஏறியிருக்கும். இரை என்று விழுங்கும் கடற்பறவையின் உடம்புக்குள் பிளாஸ்டிக்கின் வேதிப்பொருள் போய்ச் சேர்வதையும் அவர் குழு காட்டியிருக்கிறது.

நம் கரைக் குருணையையும் அனுப்பிப் பார்க்க ஆசை. ஓர் இடத்துக்கு 100 முதல் 200 வரை தேவை. நேற்று இரண்டு மணி நேரம் குனிந்து தேடியதில் எனக்குக் கிடைத்தது 31. முதுகுவலி தனி.

அலை ஏறி நின்ற கோட்டில், காய்ந்த பாசிக்கு அடியில் பாருங்கள். தயவுசெய்து பிளாஸ்டிக் கவரில் போட வேண்டாம். அலுமினியத் தாளில் மடித்து ஊர், தேதி எழுதினால் போதும்.

முட்டம், குளச்சல், மணப்பாடு பக்கம் யாராவது இருக்கிறீர்களா? நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், இப்படி மாதிரிகளை வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பியவர்கள் இருந்தால், சுங்கப் படிவத்தில் என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.